அறுபது வாட்

நாரினுக்கு மேலே மலைப்பாதையில்
பனி இறுகிவிட்ட நவம்பர்.
பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஏணி போட்டு நிற்கிறேன்,
கையில் சிவப்புச் சாயம் அடித்த அறுபது வாட் பல்ப்.
தலைமையாசிரியை ஜிபார்குல் கீழிருந்து கேட்கிறார்:
"ஒரு பிள்ளைக்காகவா இத்தனை ஒயர்?"
பல்லில் இன்சுலேஷன் டேப்.
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

ஏழு வயதில் உல்கானை
பிஷ்கெக்கில், காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் விட்டுவந்தேன்.
அன்று மினிபஸ் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.
நான் துடைக்கவில்லை.
துடைத்திருந்தால் அவள் தெரிந்திருப்பாள்.

ஆறு வருஷம்.
ஒவ்வொரு விடுமுறைக்கும் காலணி அளவோடு
அவள் மொழியும் வளர்ந்து வந்தது.
எனக்கு வந்தது நான்கே சைகை:
சாப்பிடு, தூங்கு, குளிர், குதிரை.
இதை வைத்துக்கொண்டு
எத்தனை நாள்தான் மகளோடு பேசுவது?

இந்த வருஷம் காகிதம் வந்தது.
எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் என்று,
முத்திரையோடு.
நல்ல வாக்கியம்தான்.
மனைவி அதை மடித்து ரொட்டிப் பெட்டியின் அடியில் வைத்தாள்,
பிள்ளை வீட்டுக்கே வருகிறாள் என்று
பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னாள்.
வந்த முதல் ராத்திரி
உல்கான் சாப்பிடவில்லை.

முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.
கணக்கு வாத்தியார் எசன்பெக் நல்ல மனுஷன்.
ஆனால் பாதிப் பாடத்தைக் கரும்பலகைக்குத்தான் சொல்லுவார்.
அவர் திரும்பினால்
பின்னங்கூட்டை ஒன்பதால் வகுக்கவேண்டியதுதான்
கோட்டு முதுகைப் பார்த்து.
மணி அடித்ததும் மைதானம் காலியாகும்.
கொடிக்கம்பத்தடியில் ஒருத்தி மட்டும்
பனி உருட்டிக்கொண்டு நிற்பாள்.
சேர்த்துக்கொண்டவர்கள் கூப்பிட மறந்திருந்தார்கள்.

அதனால்தான் இந்த ஏணி.
மணிக்குப் போகும் ஒயரிலேயே ஒரு கிளை பிரித்தேன்.
இனி மணி அடித்தால் பல்பும் எரியும்.

டிசம்பரில் மின்சாரம் போனது.
மணியும் செத்தது, பல்பும் செத்தது.
இரண்டாம் ஷிப்ட், ஐந்து மணிக்கே இருட்டு.
நான் ஃபியூஸ் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தேன்.
ஏழாம் வகுப்பில் ஒரே கூச்சல்,
வாத்தியார் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை.
அப்போது பலகைத் தரையில் ஒரு கால்.
தொம். தொம்.
விடுதியில் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது அப்படித்தானாம்.
பெஞ்சுக் கால்களில் ஏறி, முழங்கால்களில் ஏறி,
தாழ்வாரம் கடந்து
என் ஏணிக்கும் வந்து சேர்ந்தது.
கூச்சல் நின்றது.

இப்போது கரண்ட் இருக்கும் நாளிலும்
தெமிர் என்கிற பையன் அவளைக் கூப்பிடக்
காலால் தட்டுகிறான்.
கொஞ்சம் அதிகமாகவே தட்டுகிறான்.
தரைப்பலகை ஒன்று பிளந்துவிட்டது.
அதுவும் என் வேலை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
வேதியியல் அவளுக்கு இன்னும் முதுகுதான்.
விடுதித் தோழி பெர்மெத் இப்போது
ஓஷ் பக்கம் ஏதோ ஊரில், ஏதோ முதல் பெஞ்சில்.
ராத்திரி போன் திரையில் இருவரும் கையால் பேசுவார்கள்.
முன்பு போர்வைக்குள் டார்ச் வைத்துப் பேசியவர்களாம்,
வார்டன் டார்ச்சைப் பிடுங்கினால்
பேச்சு நடுவாக்கியத்தில் அறுந்துபோகுமாம்.
இங்கே, சிக்கனம் என்று,
ஒன்பது மணிக்கு விளக்கணைத்தவன் நான்.
செப்டம்பரிலிருந்து, தினமும்,
மகளின் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

கட்டிலுக்கு மேல் ஒரு பல்ப் மாட்டினேன்.
ஸ்விட்ச் அவள் கைக்கெட்டும் உயரத்தில்.

நேற்று பெர்மெத்திடம் என்னைக் காட்டி
விரல்களைக் குவித்துக்
காற்றில் இரண்டு திருகு திருகினாள்.
என்ன அது என்று கேட்டேன்,
எனக்குத் தெரிந்த ஐந்தாவது சைகையால்.
நோட்டில் எழுதிக் காட்டினாள்: உன் பேர்.

அதற்கு முன்னாலும்
எனக்கு அவர்களிடம் ஒரு பேர் இருந்ததாம்,
ஆறு வருஷமாக.
அது என்னவென்று மட்டும்
எவ்வளவு கேட்டும் காட்ட மறுக்கிறாள்.